காய்கறியின் காப்புச் சத்து வீணாகாமல் உடம்பில் சேர 25 குறிப்புகள்

காய்கறியில் இருக்கும் சத்து வேறு. அதிலிருந்து பிரிந்து வந்து உடம்பில் சேரும் சத்து வேறு. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று டப்பாக்களில் பெரிதாக அச்சிட்டு விற்கிறார்களே, அந்தக் காப்புப் பொருட்கள் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே தூரம் மிக அதிகம். கரோட்டின், லைகோபீன், குவர்செட்டின், ஆந்தோசயனின், வைட்டமின் சி எல்லாமே செடியின் செல்களுக்குள் அடைபட்டுக் கிடப்பவை. செல் சுவரை உடைக்க வேண்டும், வெளியே வந்ததைக் கரைத்துப் பிடிக்க வேண்டும், பிடித்ததைக் கெடாமல் காக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் சில விஷயங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்: எவ்வளவு நைசாக அரைப்பது, எந்தத் திரவத்தில் ஊறவைப்பது, எத்தனை டிகிரி சூடு, எத்தனை நிமிடம், புளிப்பு எவ்வளவு, வெளிச்சமும் காற்றும் படலாமா. கத்தி, தண்ணீர், எண்ணெய், அடுப்பு, புளி, மூடி என்று அத்தனையும் நம் சமையலறையிலும் இருக்கின்றன. எந்தக் காய்க்கு எது என்று தெரிந்தால் காசு செலவில்லாமல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சத்தைக்கூட எடுக்கலாம்.

1. எடுக்க வேண்டிய சத்து எதில் கரையும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கேரட், பரங்கிக்காய், தக்காளி, சிவப்பு மிளகாய் ஆகியவற்றின் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் எண்ணெயில் கரைபவை. கீரையிலும் அந்த மஞ்சள் நிறப் பொருட்கள் நிறைய உண்டு. பச்சை அவற்றை மூடியிருக்கிறது. கத்தரிக்காய்த் தோலின் ஊதா, பீட்ரூட்டின் சிவப்பு, வெங்காயத்திலுள்ள குவர்செட்டின், வைட்டமின் சி ஆகியவை தண்ணீரில் இறங்குபவை. முதல் வகைக்கு நல்ல அரைப்பும் வேக்காடும் கொஞ்சம் எண்ணெயும் வேண்டும். இரண்டாவது வகைக்குக் குறைந்த தண்ணீர், குறைந்த நேரம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் பாத்திரத்தையே பாருங்கள். தக்காளித் தொக்கின் மேல் சிவப்பாக மிதப்பது எண்ணெயில் இறங்கிய நிறம். பீட்ரூட் வெந்த தண்ணீர் சிவப்பது தண்ணீரில் இறங்கிய நிறம். கீழே வரும் குறிப்புகளில் பாதி இந்த ஒரு பிரிவினையிலிருந்து வருபவைதான்.

2. கேரட்டைப் பச்சையாகக் கடித்துத் தின்றால்தான் முழுச் சத்தும் கிடைக்கும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். பீட்டா கரோட்டினைப் பொறுத்தவரை உண்மை நேர் எதிர். சுவீடன் ஆய்வாளர்கள் 2002-இல் வயிற்றில் நடக்கும் செரிமானத்தை ஆய்வகக் குடுவையில் நடத்திப் பார்த்தார்கள். பச்சைக் கேரட் துண்டுகளிலிருந்து வெளியே வந்த பீட்டா கரோட்டின் 3 சதவீதம் மட்டுமே. அதே கேரட்டைக் கூழாக அரைத்தபோது 21 சதவீதம் வந்தது. அந்தக் கூழை வேகவைத்தபோது 27. வெந்த கூழில் சமையல் எண்ணெய் சேர்த்தபோது 39. காய் ஒன்றுதான், கையாண்ட விதத்தில் 13 மடங்கு வித்தியாசம்!

பெரிய தாவல் அடுப்பில் நடக்கவில்லை, அரைப்பில் நடந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் கேரட்டை வட்டம் வட்டமாக நறுக்குவதைவிட மெல்லிசாகத் துருவுவது மேல். துருவுவதைவிட மசிப்பது மேல். சின்னக் குழந்தைகளுக்கு வேகவைத்து மசித்து அரை ஸ்பூன் நெய் விட்டு ஊட்டுங்கள். பெரியவர்களுக்குப் பருப்போடு குழைய வெந்த கேரட் கூட்டு, அரைத்த சூப் இரண்டுமே நல்லவை. பச்சையாகத்தான் வேண்டும் என்றால் நன்றாக மென்று தின்னுங்கள். பல்லும் ஓர் அரைக்கும் கருவிதான்.

3. எண்ணெயே சேர்க்காத சாலட்டிலிருந்து கரோட்டின் வகைகள் உடம்பில் கிட்டத்தட்ட ஏறுவதே இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் இதை ஆட்களின் ரத்தத்திலேயே பார்த்தார்கள். கொழுப்பில்லாத டிரெஸ்ஸிங் ஊற்றிய சாலட்டைச் சாப்பிட்டபோது ரத்தத்தில் சேர்ந்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எண்ணெய் சேர்ந்தபோதுதான் ஏறியது. நம் கேரட் கோசம்பரியில் கடுகு தாளித்துக் கொட்டுகிறோம், தேங்காய்த் துருவல் தூவுகிறோம். டயட் என்ற பெயரில் அந்த இரண்டையும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு வேளைக்கு ஓர் ஆளுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ போதும். அந்த வேளையில் அது பொரியலிலேயே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதே சாப்பாட்டில் இருந்தால் சரி.

4. தக்காளியைச் சூடாக்குங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வெளியானது. 2 நிமிடத்தில் லைகோபீன் 54 சதவீதம் கூடுதலாக எடுக்கக் கிடைத்தது. 15 நிமிடத்தில் 171 சதவீதம். 30 நிமிடத்தில் 164. அதாவது கால் மணி நேரத்துக்குப் பிறகு லைகோபீனில் லாபம் இல்லை. வைட்டமின் சி அதே நேரங்களில் 10, 15, 29 சதவீதம் என்று குறைந்துகொண்டே போனது. ஒன்று ஏறி நிற்க, இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் தக்காளியை எண்ணெயில் வதக்கி, மூடி, 15 நிமிடத்தில் இறக்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மணிக்கணக்கில் சுண்டவைக்கும் தொக்கு கெடாமல் இருப்பதற்காகச் செய்வது. சத்துக்காக அவ்வளவு நேரம் தேவையில்லை.

5. தக்காளித் தோலை உரித்தெறியாதீர்கள். லைகோபீன் சதையைவிடத் தோலில்தான் அடர்த்தி. சூப்பை வடிகட்டும் பழக்கம் இருந்தால் தோலோடு மிக்ஸியில் நன்றாக அரைத்துவிட்டு வடிகட்டாமல் விடுங்கள்.

6. கீரை கொஞ்சம் சிக்கலான பொருள். அதிலிருக்கும் லூட்டின் எண்ணெயில் கரைவது. அரைப்பும் கொழுப்பும் கேட்கிறது. ஆனால் நீண்ட சூட்டைத் தாங்காது. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் பசலை வகைக் கீரையை வேகவைத்தும் வறுத்தும் ஆவியில் வைத்தும் பார்த்து, சூட்டில் இருக்கும் நேரம் கூடக் கூட லூட்டின் குறைவதை 2019-இல் எழுதினார்கள். நறுக்கிப் பச்சையாகப் பால், தயிர் போன்ற கொழுப்புள்ள பொருளோடு அரைத்துச் சாப்பிடுவதே லூட்டினுக்கு நல்லது என்பது அவர்கள் முடிவு.

நம் ஊர் அரைக்கீரையையும் முளைக்கீரையையும் பச்சையாகக் குடிக்க நான் சொல்ல மாட்டேன். ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது, மண்ணும் கிருமியும் இருக்கின்றன. ஆனால் அந்த முடிவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு. அலசிய கீரையில் ஒட்டியிருக்கும் ஈரமே வேகப் போதும். செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஐந்தாறு நிமிடத்தில் துவண்டதும் இறக்கி, மத்தால் நன்றாகக் கடையுங்கள். கடைவதில்தான் செல் உடைகிறது. பொரியலாக உதிர்த்து வைத்த கீரையைவிடக் கடைந்த கீரைக்கு இதில் முன்னுரிமை உண்டு. இறக்கிய பிறகு நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு ஸ்பூன். மோர்க்கீரை செய்பவர்கள் ஏடு எடுக்காத தயிரைச் சேர்த்தால் கொழுப்பும் அதிலேயே வந்துவிடும்.

7. வேகும்போதே மஞ்சள் தூளும் வெங்காயமும் போடுங்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் கேரட், பரங்கிக்காய், தண்டுக்கீரை, முருங்கைக்கீரை நான்கையும் குக்கரிலும் திறந்த பாத்திரத்திலும் வேகவைத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையிலும் பீட்டா கரோட்டின் கணிசமாகக் குறைந்தது. மஞ்சளும் வெங்காயமும் சேர்த்தபோது இழப்பு பொதுவாகக் குறைந்தது. அவற்றிலிருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் முன்னே நின்று ஆக்ஸிஜனின் அடியை வாங்கிக்கொள்கிறது; கரோட்டின் தப்புகிறது. பரங்கிக்காய்ச் சாம்பாருக்கு மஞ்சளைப் பருப்பில் மட்டும் போடாமல் காய் வேகும்போதும் ஒரு சிட்டிகை போடுவது இதற்காகத்தான்.

8. தண்ணீரில் கரையும் சத்து அதிகமுள்ள காய்களை ஆவியில் வேகவையுங்கள். இட்லித் தட்டில் வைத்த முட்டைக்கோஸும் பீன்ஸும் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் வைட்டமின் சி பாதி வரை தண்ணீரோடு போய்விடும். குக்கரைப் பற்றிப் பயம் வேண்டாம். சூடு அதிகம் என்றாலும் நேரம் குறைவு, தண்ணீர் குறைவு, காற்றும் உள்ளே இல்லை. விசில் கணக்கு கூடினால்தான் கெடுதல்.

9. எப்படியும் மிஞ்சும் வேகவைத்த தண்ணீரை ரசத்திலோ சாம்பாரிலோ ஊற்றுங்கள். சப்பாத்தி மாவும் பிசையலாம். கீரை வடித்த தண்ணீர் மட்டும் விதிவிலக்கு: சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அது வேண்டாம், ஆக்சாலிக் அமிலம் அதில் இறங்கியிருக்கும்.

10. கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள்.

11. நறுக்கிய காயைக் காலையிலிருந்து மாலைவரை திறந்து வைக்காதீர்கள். வெட்டுப்பட்ட இடத்தில் காயின் சொந்த என்சைம்களே காற்றோடு சேர்ந்து வைட்டமின் சியையும் பாலிஃபீனால்களையும் அழிக்கத் தொடங்கிவிடும். வாழைப்பூவும் கத்தரிக்காயும் கறுப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற காய்களில் தெரியாமல் நடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் இரவே நறுக்கி வைத்தாக வேண்டும் என்றால் பெரிய துண்டாக நறுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் நிறைய அடைத்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் பொடியாக்கிக்கொள்ளலாம்.

12. இந்த விதிக்கு மாறான காய்கள் இரண்டு உண்டு. முதலாவது பூண்டு. முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. அதற்கு முந்தைய பொருளும் அதை அல்லிசினாக்கும் என்சைமும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. சந்தித்த உடனே சூடான எண்ணெயில் போட்டால் என்சைம் செத்துவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், மைக்ரோவேவில் 60 விநாடி வைத்ததுமே பூண்டின் என்சைம் செயலிழந்தது. நசுக்கி 10 நிமிடம் வைத்திருந்து பிறகு சூடாக்கியபோது பலனில் ஒரு பகுதி நிலைத்தது. ஆகவே சமையலைத் தொடங்கும்போதே பூண்டை நசுக்கித் தட்டில் வைத்துவிடுங்கள். வெங்காயம், தக்காளி நறுக்கி முடிப்பதற்குள் 10 நிமிடம் ஆகிவிடும். ரசத்துக்குத் தட்டிப் போடும் பூண்டுக்கும் இதே முறைதான்.

13. இரண்டாவது, முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், பிராக்கோலி, முள்ளங்கி அடங்கிய கடுகுக் குடும்பம். பிராக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன் என்ற பொருளை 1992-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலலேயின் குழு பிரித்தெடுத்தது. அது தானே போய் ஆக்ஸிஜனோடு மல்லுக்கட்டுவதில்லை. உடம்பின் சொந்தக் காப்பு என்சைம்களை அதிகமாகச் சுரக்கத் தூண்டுகிறது. பூண்டைப் போலவே இதுவும் நறுக்கும்போதுதான் உண்டாகிறது; வேகவைத்தால் அதை உண்டாக்கும் என்சைம் அழிந்துவிடும். நறுக்கி அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சமைப்பது ஒரு வழி.

இன்னொரு வழி நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. கடுகிலும் அதே வேலையைச் செய்யும் என்சைம் உண்டு. அது கொஞ்சம் சூடும் தாங்கும். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியான ஆய்வில், வெந்த பிராக்கோலி 200 கிராமுக்கு 1 கிராம் கடுகுத் தூள் தூவிக் கொடுத்தபோது, தூவாமல் கொடுத்ததைவிட 4 மடங்குக்கும் மேல் சல்ஃபோராஃபேன் உடம்பில் சேர்ந்தது. நாம் தாளிக்கும் கடுகு இதற்கு உதவாது, எண்ணெய்ச் சூட்டில் வெடித்தபோதே என்சைம் போயிற்று. பச்சைக் கடுகைப் பொடித்து ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். கோஸ் பொரியலை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கால் ஸ்பூன் தூவிக் கிளறுங்கள். லேசான நெடி இருக்கும். தேங்காய்த் துருவல் அதை அடக்கிவிடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் செய்து பார்ப்பேன் என்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

14. வெங்காயத்தில் குவர்செட்டின் வெளி அடுக்குகளில் அதிகம். உள்ளே போகப் போகக் குறையும். சருகை மட்டும் உரியுங்கள். சோம்பலில் முதல் சதை அடுக்கையும் சேர்த்து இழுத்தெறிந்தால் சத்துள்ள பகுதி குப்பைக்குப் போகிறது. நறுக்கிய வெங்காயத்தை, காரம் போக என்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழியவும் வேண்டாம். தயிரில் போடுங்கள், காரமும் தணியும், இறங்கியதும் தயிரிலேயே இருக்கும்.

15. கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடுகிறோம், பிறகு அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டுகிறோம். அந்தப் பழுப்பில் காயிலிருந்த குளோரோஜெனிக் அமிலமும் போகிறது. குழம்புக்கு நறுக்கும்போது, கரைத்து வைத்த புளித்தண்ணீரிலேயே நேராக நறுக்கிப் போடுங்கள். புளிப்பில் கறுக்க வைக்கும் என்சைம் அடங்கும். இறங்கிய சத்து குழம்புக்கே போகும். ஊதாத் தோலை உரிக்காதீர்கள், நாசுனின் என்ற ஆந்தோசயனின் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அது தண்ணீரில் இறங்கும், எண்ணெயில் இறங்காது. முதலில் எண்ணெயில் பிரட்டிவிட்டுக் குழம்பில் போட்ட கத்தரிக்காய் ஊதா மாறாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குச் சுவையோடு இந்த நியாயமும் உண்டு.

16. ஊதா முட்டைக்கோஸை நறுக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். ஊதா சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பில்தான் ஆந்தோசயனின் உறுதியாக நிற்கும். நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தண்ணீரில் காரத்தன்மை இருக்கும் ஊர்களில் இது அடிக்கடி நடக்கும்.

17. இராசவள்ளிக்கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். ஊதா நிறத்துக்காகவே வாங்கலாம். யாழ்ப்பாணத்தார் அதைத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். கிழங்கு வெந்த தண்ணீர் வெளியே போவதில்லை என்பதால் இறங்கிய நிறம் அப்படியே கிண்ணத்துக்கு வருகிறது. சத்தை எடுக்கும் கணக்கில் இதைவிட ஒழுங்கான சமையல் முறை எனக்குத் தெரியவில்லை.

18. காய் பச்சை நிறம் மாறாமலும் பருப்பு சீக்கிரமாகவும் வேக ஆப்பசோடா போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சோடாவின் காரத்தன்மையில் வைட்டமின் சியும் ஆந்தோசயனினும் தயமினும் சிதைகின்றன. கண்ணுக்குப் பச்சை, உள்ளே வெறுமை.

19. பீட்ரூட்டைத் தோலோடும் வாலோடும், காம்பை ஒரு அங்குலம் விட்டு, முழுசாக வேகவையுங்கள். வெட்டுவாய் இருந்தால் பெட்டானின் என்ற சிவப்பு முழுக்கத் தண்ணீருக்கு வந்துவிடும். ஆறியதும் தோல் கையோடு வரும். இந்தச் சிவப்பும் புளிப்பில் நிற்பது. கொஞ்சம் எலுமிச்சை நல்லது. சூட்டில் சிதைந்த பெட்டானினில் ஒரு பகுதி ஆறும்போது மறுபடி ஒன்றுசேரும் தன்மை உடையது, ஆகவே வெந்த உடனே நறுக்காமல் மூடி ஆறவிடுவதில் நன்மை உண்டு. மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம். சிலருக்கு அப்படி வெளியேறும்.

20. குடைமிளகாயைக் கடைசியில் போடுங்கள். வைட்டமின் சியை ஆராய்ந்த ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி, 1930-களில் ஹங்கேரியின் செகெட் நகரில், அந்த ஊரில் மலிவாக விளைந்த சிவப்பு மிளகாயிலிருந்துதான் அதைக் கிலோக் கணக்கில் பிரித்தெடுத்தார். 1937-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வளவு செறிவாக இருப்பதை வாணலியில் இருபது நிமிடம் வதக்கி அழிப்பது பாவம். இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு போட்டுப் பிரட்டினால் போதும். பச்சையைவிடப் பழுத்த சிவப்பில் சத்து அதிகம்.

செம்புப் பாத்திரத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் வைட்டமின் சி உள்ள காய்களைச் சமைக்கக் கூடாது. வைட்டமின் சி அழிவதைச் செம்பு பல மடங்கு விரைவாக்கும். புளி சேர்ந்தால் செம்பே உணவில் இறங்கி வயிற்றைக் கெடுக்கும்.

21. வெயில் பட்ட இலையில்தான் காப்புப் பொருள் அதிகம். முட்டைக்கோஸின் பச்சை வெளி இலைகளில் இருக்கும் கரோட்டின் உள்ளேயிருக்கும் வெள்ளையில் இல்லை. முள்ளங்கிக் கீரை, பீட்ரூட் கீரை, காலிஃப்ளவர் தண்டு எல்லாமே சமையலுக்கு உரியவை. மருந்து தெளிப்பு வெளி இலையில்தான் படும் என்பதால் ஓடும் தண்ணீரில் ஒவ்வோர் இலையாகத் தேய்த்துக் கழுவுங்கள். பாகற்காயை உப்புப் போட்டுப் பிழிவதும் இந்த இலைகளை எறிவதைப் போன்ற இழப்புதான். கசப்பைத் தாங்க முடிந்த அளவுக்குப் பிழியாமல் சமையுங்கள்.

22. முருங்கைக்கீரைப் பொடி செய்பவர்கள் நிழலில் உலர்த்துங்கள். நேர் வெயிலில் கரோட்டின் வெளுத்துப் போகும். கழுவி, ஈரம் போக உதறி, மெல்லிய துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான அறையில் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். கையில் எடுத்து நொறுக்கினால் சத்தத்தோடு பொடிய வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். நிறம் பச்சையாக இருந்தால் சரியாக உலர்த்தியிருக்கிறீர்கள், பழுப்பாக இருந்தால் பாதி போயிற்று. பொடித்ததை வெளிச்சம் படாத எவர்சில்வர் டப்பாவில் நிறைத்து மூடுங்கள். சூப்பாகக் குடித்தால் தண்ணீரில் இறங்கும் குவர்செட்டின் கிடைக்கும். கரோட்டினும் வேண்டுமென்றால் கிண்ணத்தில் கால் ஸ்பூன் நெய் விட்டுப் பொடியையும் சேர்த்துக் குடியுங்கள், வடிகட்ட வேண்டாம். கறிவேப்பிலைக்கும் இப்படியே செய்யலாம். முழு இலையாகப் போட்டால் தட்டின் ஓரத்துக்குப் போகிறது. துவையலாக அரைத்தால் உள்ளே போகிறது.

23. மஞ்சளோடு மிளகு சேருங்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, ரத்தத்தில் கிடைத்த குர்குமின் 20 மடங்கு கூடியது. நாம் சமையலில் போடும் மஞ்சளில் குர்குமின் மிகக் கொஞ்சம்தான். அதனால்தான் அந்தக் கொஞ்சத்தையும் வீணாக்காமல் மிளகோடும் எண்ணெயோடும் சேர்க்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மிளகுச் சாற்று மாத்திரைகளைத் தாங்களாக வாங்கக் கூடாது. மருந்தின் அளவையும் அது ரத்தத்தில் கூட்டும்.

24. செறிவாக எடுப்பதில் ஆபத்தும் செறிவாக வரும். மூன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சுரைக்காய் ஜூஸ் குடிப்பவர்கள் காயில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறியுங்கள். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் நஞ்சு. அதனால் இந்தியாவில் உயிரிழப்புகள் நேர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவும் இதையே எச்சரித்திருக்கிறது. வேறு பழச்சாறு கலந்து கசப்பை மறைப்பது இன்னும் கெடுதல். குடித்தபின் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது, பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த இடத்தில் பாட்டுலிசம் கிருமி நஞ்சு சுரக்கும். நிறத்திலும் மணத்திலும் தெரியாது. கனடாவின் வான்கூவரில் 1985-இல் ஓர் உணவகத்தின் பூண்டு எண்ணெயால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். அன்றன்றைக்குச் செய்து அன்றே முடித்துவிடுங்கள்.

மூன்றாவது ஆபத்து, மாத்திரை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. காய்கறியில் வரும் கரோட்டின் இப்படிச் செய்வதில்லை. டப்பாவில் போட்டிருக்கும் பெரிய எண்களையும் நம்பி வாங்காதீர்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைக் காட்டும் ஒராக் என்ற எண் பட்டியலை வெளியிட்டு வந்த அமெரிக்க வேளாண் துறையே, விளம்பரங்களில் அது தவறாகப் பயன்படுகிறது என்று 2012-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. சோதனைக் குழாயில் வரும் எண் உடம்பில் நடப்பதைச் சொல்வதில்லை.

25. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கீரையைத் திடீரென்று கூட்டிவிடாதீர்கள், பயந்து நிறுத்தியும் விடாதீர்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கீரை என்பதை ஒரே சீராக வைத்துக்கொண்டு, மாற்ற நினைத்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மாற்றுங்கள்.